மருத்துவர் பார்க்காத மாலைப்பொழுது

முதுமை மறதிநோய் என்றதும் நமக்குத் தோன்றுவது மறதிதான். சாவியை எங்கே வைத்தோம், பேரன் பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்பன போன்றவை. ஆனால், அந்நோய் உள்ள ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேறொரு பட்டியல் வரும். “பணிப்பெண் சங்கிலியைத் திருடிவிட்டாள் என்கிறார்.” “பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகணும் என்று கதவருகே நிற்கிறார்.” “ராத்திரி தூங்குவதே இல்லை.” “எதைக் கேட்டாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.” மறதியைக் குடும்பங்கள் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. அவர்களைச் சோர்ந்துபோக வைப்பவை இந்த மனநிலை, நடத்தை மாற்றங்களே.

இது இன்று நேற்று தெரிந்த செய்தியன்று. 1901ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகர மருத்துவமனையில் 51 வயது ஆகுஸ்டே டீட்டரைப் பரிசோதித்தார் டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர். பின்னாளில் அந்நோய்க்கு அவர் பெயரே அமைந்தது. ஆகுஸ்டேயிடம் தொடக்கத்தில் தென்பட்ட அறிகுறிகளுள் ஒன்று, கணவர்மீது திடீரென எழுந்த கடும் சந்தேகம்.

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் தலைமையில் நடந்த 2023ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. ஏறத்தாழ 11 பேரில் ஒருவர்.

என் பெரியம்மா அவர்களில் ஒருவர். ஈசூனில் மகளுடன், அதாவது என் அக்காவுடன், வசிக்கிறார். மருத்துவச் சந்திப்பு நாளில் புடவை கட்டி, பொட்டிட்டு, டாக்டரிடம் “சாப்பிட்டீங்களா?” என்று சிரித்தபடி விசாரிப்பார். அந்தச் சில நிமிடங்களில் எந்தக் குறையும் தெரியாது. முந்தைய நாள் மாலை அவர் அழுததையும் பணிப்பெண்ணின் கையைத் தட்டிவிட்டதையும் மருத்துவர் எப்படிப் பார்ப்பார்? பார்த்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

பன்னிரண்டு கேள்விகள்

இதற்காகவே உருவானது ‘நியூரோசைக்கியாட்ரிக் இன்வென்டரி’ என்ற மதிப்பீட்டு முறை. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி கம்மிங்ஸும் அவர் குழுவினரும் 1994ல் வெளியிட்டது. இதில் கேள்விகள் நோயாளியிடம் கேட்கப்படுவதில்லை. அவரை நன்கு அறிந்த பராமரிப்பாளரிடமே கேட்கப்படுகின்றன.

இன்று அதில் 12 பிரிவுகள் உள்ளன: பொய்யான நம்பிக்கைகள், இல்லாததைக் காண்பது அல்லது கேட்பது, கொந்தளிப்பு, மனச்சோர்வு, பதற்றம், அளவுமீறிய குதூகலம், எதிலும் நாட்டமின்மை, கூச்சமின்றி நடந்துகொள்வது, எரிச்சல், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது, இரவுநேர நடத்தை, பசியிலும் உணவுப் பழக்கத்திலும் மாற்றம்.

ஒவ்வொன்றும் எத்தனை முறை நிகழ்கிறது என்பதற்கு 1 முதல் 4 வரை மதிப்பெண். எவ்வளவு கடுமை என்பதற்கு 1 முதல் 3 வரை. இரண்டையும் பெருக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு: “இது உங்களை எவ்வளவு வருத்துகிறது?” அதற்கு 0 முதல் 5 வரை.

‘வீட்டுக்குப் போகணும்’ என்ற பெரியம்மாவின் மாலைநேரப் போராட்டம் தினமும் நடந்தது. 4 பெருக்கல் 2, ஆக 8. இரவில் எழுந்து நடப்பதற்கு 6தான். ஆனால், எவ்வளவு வருத்துகிறது என்ற கேள்விக்கு மாலைப் போராட்டத்துக்கு 2 தந்த அக்கா, இரவுக்கு 5 தந்தார். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டிய அவர் பல வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. அதுவரை யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

மருத்துவர் இரவிலிருந்தே தொடங்கினார். பெரியம்மா மதியம் மூன்று மணி நேரம் உறங்குகிறார், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் விழுங்குகிறார் என்பது விசாரித்ததில் தெரிந்தது. மாத்திரை காலைக்கு மாற்றப்பட்டது. மதியத் தூக்கம் குறைக்கப்பட்டது. புதிய மருந்து எதுவும் தரவில்லை. அக்காவுக்குப் பாதி இரவாவது திரும்பக் கிடைத்தது.

சோகமா, நாட்டமின்மையா?

வானொலியில் வேலை செய்வதால், சொல்லைவிடக் குரலைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. துயரம் நிறைந்த குரல் வேறு, எதுவுமே இல்லாத குரல் வேறு. மறதிநோயிலும் இந்த வேறுபாடு முக்கியம். மனச்சோர்வு உள்ளவர் அழலாம், “நான் உங்களுக்குப் பாரம்” என்று சொல்லலாம். நாட்டமின்மை உள்ளவருக்கு வருத்தம் இருக்காது. எதையும் தொடங்கத் தோன்றாது, அவ்வளவே. இரண்டுக்கும் அணுகுமுறை வேறு. அமைதியாக இருப்பவர் யாருக்கும் தொல்லை தருவதில்லை என்பதால், “பெரியவர் சமர்த்தாக இருக்கிறார்” என்று நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம்.

மனச்சோர்வை அளக்க 1988ல் வந்த கார்னெல் அளவுகோல் 19 அம்சங்களைப் பார்க்கிறது. பராமரிப்பாளர், நோயாளி இருவரிடமும் பேசியே மதிப்பெண் இடப்படுகிறது. இங்கே மொழியும் குறுக்கே வரும். நம் பெரியவர்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. “ஒண்ணும் பிடிக்கல”, “நெஞ்சை அடைக்குது”, “சீக்கிரம் போய்ச் சேரணும்” என்பார்கள். மருத்துவரிடம் அதைச் சுருக்காமல், அவர்கள் சொன்ன சொற்களையே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

என்ன எழுதிவைக்கலாம்?

அடுத்த சந்திப்புக்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேடு போதும். நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு எப்படி அடங்கியது என நான்கே வரிகள். ‘அடம்பிடித்தார்’ என்று எழுதாமல், ‘குளிக்க அழைத்தபோது கையைத் தட்டிவிட்டார்’ என்று எழுதுங்கள். பகல் முழுவதும் உடனிருப்பவர் பணிப்பெண் என்றால் அவரையும் குறிக்கச் சொல்லுங்கள்.

பெரியம்மாவின் குறிப்பேட்டில் ஆறரை மணி திரும்பத் திரும்ப வந்தது. வரவேற்பறை இருட்டத் தொடங்கும் நேரம். சமையலில் பணிப்பெண் மும்முரமாக இருக்கும் நேரம். பெரியம்மா கேட்கும் வீடு, பிரிட்டிஷ் படை 1971ல் வெளியேறும் முன் அவர் வளர்ந்த செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பு. “இதுதான்மா வீடு” என்று திருத்தினால் கோபம் கூடியது. இப்போது ஆறு மணிக்கே விளக்குகள் எரிகின்றன. முருங்கைக்கீரை ஆய்வது அவர் பொறுப்பு. செம்பவாங்கைப் பற்றிக் கேட்டால் கதை சொல்கிறார். கதவருகே நிற்பது முற்றிலும் நின்றுவிடவில்லை. வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஓரிரு நாள்களுக்குள் திடீரெனக் குழப்பமோ ஆவேசமோ மிகுந்த மயக்கமோ வந்தால் ‘நோய் முற்றிவிட்டது’ என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, நீரிழப்பு, புதிய மருந்து எதுவும் காரணமாகலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாந்தப்படுத்த மாத்திரை கேட்பதற்கு முன்பும் யோசிக்க வேண்டும். மனநோய்க்கான சில மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005ல் எச்சரித்தது. அவை தேவைப்படும் வேளைகள் உண்டு. ஆனால் காரணத்தைத் தேடுவதே முதல் படி.

பலதுறை மருந்தக மருத்துவரிடம் தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் நினைவாற்றல் மருந்தகத்துக்கு அனுப்புவார். ‘டிமென்ஷியா சிங்கப்பூர்’ அமைப்பின் உதவி எண் 6377 0700. அழைக்கும்போது பெரியவரைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.