தீவுக் காவலும் வீரர் நினைவும்: கோக்கோஸ் தீவுகள், 1942

துணிவும் சூழ்ச்சித் திறனும் மிக்க ஒருவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழரிடையே உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அடுத்த மாதம் 28ஆம் நாள் அக்கப்பல் பினாங்குத் துறைமுகத்தினுள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் அதன் ஓட்டம் கோக்கோஸ் தீவுகளின் அருகே முடிவுற்றது. கப்பலின் பெயரைப் பேச்சில் வைத்துக்கொண்ட நாம், அது அழிந்த இடத்தை மறந்துவிட்டோம். 28 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே தீவுக்கூட்டத்தில் காவலிருந்த இலங்கைப் பீரங்கி வீரர்களின் நினைவுகளை எவ்வாறு அணுகுவது என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

சுமத்திராவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நடுவே 27 பவளத் திட்டுகளாகச் சிதறிக் கிடப்பவை கோக்கோஸ் தீவுகள். அனைத்தையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 14 சதுர கிலோமீட்டர்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளூனிஸ் ராஸ் குடும்பத்தினர் இங்குத் தென்னந்தோட்டம் அமைத்தனர். அதில் உழைத்த மலாய் மக்களின் வழித்தோன்றல்களே இத்தீவுகளின் குடிகள். 1886இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆட்சிக்குள் கொண்டுவரப்பட்ட இத்தீவுகள், பின்னர் சிங்கப்பூரோடு சேர்க்கப்பட்டு, 1955இல்தான் ஆஸ்திரேலியாவுக்கு மாற்றப்பட்டன. ஆகவே இது நம் வட்டார வரலாற்றுக்கு அயலான செய்தியன்று.

இத்தீவுகளுக்கு இருந்த மதிப்பெல்லாம் டைரெக்‌ஷன் தீவில் 1901இல் அமைந்த தந்தி நிலையத்தினால் வந்தது. ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த கடலடிக் கம்பி அதன் வழியே சென்றது. எம்டன் வந்ததும் அதனை அறுக்கவே. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததும் தீவுகளின் நிருவாகம் இலங்கைக்கு மாறியது. கடற்கழியின் வாயிலைக் காப்பதற்கென ஹார்ஸ்பரோ தீவில் இரண்டு ஆறு அங்குலப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றை இயக்கியவர்கள் இலங்கைக் காவற்பீரங்கிப் படையினர்.

அவர்கள் இருந்த நிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஹார்ஸ்பரோ ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மணல்திட்டு. உணவும் கடிதமும் கப்பல் வந்தால்தான் உண்டு. காவல் என்பது பெரும்பாலும் காத்திருத்தலே. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைக் குண்டுவீசித் தாக்கின. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. சொந்த ஊர் தாக்கப்படும்போது எங்கோ ஒரு தந்திக் கம்பிக்குக் காவலிருக்க நேர்ந்த ஒருவன் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய வினாக்கள் எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை. பதிவாகும் இயல்பினவும் அல்ல அவை.

மே 8ஆம் நாள் இரவு, கிரேஷியன் பெர்னாண்டோ என்னும் வீரரின் தலைமையில் ஒரு பிரிவினர் கிளர்ந்தெழுந்தனர். பீரங்கிகளைக் கைப்பற்றித் தீவுகளை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதே அவர்தம் திட்டம் என்று சொல்லப்படுகிறது. பெர்னாண்டோவின் பிரென் துப்பாக்கி இடையில் இயங்காது நின்றதும் கிளர்ச்சி தளர்ந்து, விடிவதற்குள் அடங்கியது. படைத்துறை நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. நால்வரின் தண்டனை குறைக்கப்பட்டது. பெர்னாண்டோ உட்பட மூவர் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் கிளர்ச்சிக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாய நாட்டுப் படையினர் இம்மூவர் மட்டுமே. விசாரணை முறையாக நடைபெறவில்லை என்னும் குற்றச்சாட்டு பின்னாளில் எழுந்தது.

இந்நிகழ்வைப் பற்றி நமக்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, படைத்துறையின் எழுத்துப் பதிவு. மற்றொன்று, அங்கிருந்த வீரர்களின் நினைவு. நோயல் குரூஸ் என்னும் இலங்கையில் பிறந்த எழுத்தாளர், எஞ்சியிருந்த வீரர்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தவற்றையும் ஆவணங்களையும் இணைத்து எழுதிய நூல் 2001இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. நிகழ்வு நடந்து 59 ஆண்டுகள் கழிந்திருந்தன.

எழுத்துப் பதிவு கேட்பது 'யார் என்ன செய்தார்' என்பதை; நினைவு சொல்ல வருவதோ 'ஏன் அவ்வாறு ஆயிற்று' என்பதை. வெள்ளை அதிகாரிகளின் நடத்தை, நிறத்தால் வந்த இழிவு, ஆட்சியின்மீது கொண்ட வெறுப்பு ஆகியன கிளர்ச்சியின் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றுள் எது முதன்மையானது? கிளர்ச்சியாளரை விடுதலை வீரர் என்று போற்றுவோர் இறுதிக் காரணத்தையே முன்வைப்பர். 1948இல் இலங்கை விடுதலை பெற்ற பின்னர் அவ்வாறு நினைப்பது எளிதாயிற்று. அன்றிரவு எழுந்த அனைவரும் அவ்வளவு தெளிவான அரசியல் நோக்கோடு எழுந்தனர் என்று நாம் கருதவில்லை. நாள்தோறும் பட்ட சிறுமை அரசியலாக உருப்பெறுவது உண்டு. ஆனால் முதுமையில் நினைவுகூரும் ஒருவர் அவ்விரண்டையும் பிரித்துச் சொல்வார் என எதிர்பார்த்தல் இயலாது.

இன்னொன்றையும் மறைத்தல் தகாது. கிளர்ச்சியாளர் சுட்டதில் உயிரிழந்தவர் வெள்ளை அதிகாரி அல்லர். அவர்களோடு அதே தீவில் காவலிருந்த சாமுவேல் ஜயசேகர என்னும் இலங்கைப் பீரங்கி வீரர். அதிகாரி ஒருவர் காயத்தோடு தப்பினார். தூக்கிலிடப்பட்ட மூவரின் பெயரைச் சொல்லும் நாவு ஜயசேகரவின் பெயரைச் சொல்லத் தயங்குவதை நாம் கவனித்திருக்கிறோம். அவரை நினைத்தால் கதை எளிதாக இராது என்பதே காரணம் போலும்.

அதே தீவுகளைப் பற்றி முற்றிலும் வேறான நினைவுகளும் உண்டு. 1945இல் மேற்குத் தீவின் தென்னந்தோப்பை வெட்டி விமான ஓடுதளம் அமைத்த பிரித்தானிய வான்படையினரின் நினைவுகள் அவை. நீலக் கடற்கழியும் நிலநண்டுகளுமே அவர்களிடம் மிகுதியாக இடம்பெறும். அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். போர் தங்கள் பக்கம் சாய்ந்துவிட்டதை அறிந்திருந்தனர். ஒரே மணலை மூன்றாண்டு இடைவெளியில் ஒருவர் சிறையாகவும் மற்றொருவர் கடற்கரையாகவும் காண முடிந்தது.

கோக்கோஸ் கிளர்ச்சிக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1942 மார்ச்சில், கிறிஸ்துமஸ் தீவிலும் இதை ஒத்த நிகழ்வு நடந்தது. அதுவும் சிங்கப்பூரின் ஆட்சிக்குட்பட்டிருந்த தீவே. ஹாங்காங் சிங்கப்பூர் அரசப் பீரங்கிப் படையைச் சேர்ந்த இந்திய வீரர்கள் தம் தலைவரையும் வேறு நான்கு பிரித்தானியரையும் கொன்றனர்; அம்மாத இறுதியில் ஜப்பானியர் எதிர்ப்பின்றி அங்குக் கரையிறங்கினர். போருக்குப் பின்னர் பிடிபட்டவர்கள் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றனர். எனினும் தண்டனையை நிறைவேற்ற வேண்டிய வேளையில் இந்தியாவும் பாகிஸ்தானும் தனி நாடுகளாகிவிட்டன. அவ்வரசுகளின் தலையீட்டால் தண்டனை சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. ஐவரைக் கொன்றோர் பிழைத்தனர். ஒருவரைக் கொன்றோர் தூக்கு மேடை ஏறினர். குற்றத்தின் அளவைவிட ஆண்டின் கணக்கே இங்குத் தீர்ப்பாயிற்று எனலாம்.

நம் ஆசிரியர்கள் பலர் சயாம் மரண ரயில் பாதையில் உழைத்து மீண்டவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பழகியவர்கள். காலம் கடந்து கேட்டதால் நாம் எவ்வளவு இழந்தோம் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அங்கே உழைத்தவர் தொழிலாளர்; இங்கே இருந்தவர் சீருடை அணிந்தவர். சீருடை அணிந்தவருக்குப் பேசாதிருக்க மேலும் ஒரு காரணம் இருந்தது. கிளர்ச்சியில் சேர்ந்தவர் தண்டனையை அஞ்சினார். சேராதவர் 'காட்டிக்கொடுத்தவர்' என்னும் பெயரை அஞ்சினார். எனவே இத்தகைய நினைவுகளைப் படிக்கும்போது சொல்பவர் அன்றிரவு எங்கு நின்றார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

ஹார்ஸ்பரோவின் ஆறு அங்குலப் பீரங்கிகள் இருந்த இடம் 2004இல் ஆஸ்திரேலியப் பொதுநலவாய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.