உள்ளிருந்து எழும் 'பிங்': தீச்சுவரில் தடுக்கும் முறை

புணே நகருக்கு வடமேற்கே, மும்பை செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த தேஹு ரோடு ஒரு படைத்துறைக் கண்டோன்மெண்ட் ஆகும். தளவாடக் கிடங்கும் தொழிற்சாலையும் அங்கு உள்ளன. வெடிபொருள் கையாளப்படும் இத்தகைய இடங்களின் வாயிற்காவலருக்கு இருவகைக் கடமைகள் உண்டு. உள்ளே புகுவோரிடம் தீப்பெட்டி முதலியன இல்லையென்று உறுதி செய்துகொள்ளுதல் ஒன்று. வெளியே செல்லும் பொருளுக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டல் மற்றொன்று. கணிப்பொறி வலையமைப்பின் வாயிலில் நிற்கும் 'பயர்வால்' எனும் தீச்சுவருக்கும் இவ்விரு கடமைகளே உரியன. ஆயினும், வெளியிலிருந்து வருவதைச் சோதிப்பதில் காட்டப்படும் அக்கறை உள்ளிருந்து செல்வதைச் சோதிப்பதில் காணப்படுவது அரிது. அவ்வாறு கவனியாது விடப்படுபவற்றுள் ஒன்று 'பிங்'.

ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குச் சிறு பொதி ஒன்றை அனுப்பி, அது இயங்குகிறதா என்று வினவுவதே பிங். 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்ட 'ஐசிஎம்பி' என்னும் நெறிமுறையில் இவ்வினா 8ஆம் வகைச் செய்தி. விடை 0ஆம் வகைச் செய்தி. ரயில் நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்கு ஒரு மணி அடித்து, அங்கிருந்து ஒரு மணி திரும்பி வரக் கேட்டபின் பேசத் தொடங்கும் பழைய பிளாக் கருவி முறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அமெரிக்கத் தரைப்படையின் எறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய மைக் மியூஸ் என்பார் 1983 டிசம்பரில் இந்நிரலை எழுதினார். நீருக்கடியில் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் 'சோனார்' கருவியின் ஓசையே இதன் பெயராயிற்று.

இத்துணை எளிய வினாவால் தீங்கு விளையுமோ எனின், 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சி அதற்கு விடையளிக்கும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 'நாச்சி' அல்லது 'வெல்ச்சியா' எனப்பட்ட புழுநிரல் பரவியது. அதற்குச் சில நாள் முன்பு பரவிய 'பிளாஸ்டர்' புழுவை அழித்து, பழுதுபட்ட இயக்கமுறையைத் திருத்துவது போலவே அது செயற்பட்டது. ஆனால், தாக்குவதற்குரிய கணிப்பொறிகளைத் தேடி அது அனுப்பிய பிங் பொதிகள் வலையமைப்புகளைத் திணறச் செய்தன. அமெரிக்கக் கடற்படையின் உள்வலையும் பாதிக்கப்பட்டது. வைத்தியர் வந்து வீட்டையே இடித்த கதை இது. வெளியிலிருந்து வரும் பிங்கைத் தடுத்திருந்த தீச்சுவர் இங்குப் பயன்படவில்லை. ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்ட புழு உள்ளிருந்தே வினவத் தொடங்கியது.

அப்போது மேற்கொள்ளப்பட்ட பரிகாரம் கற்பிக்கத் தக்கது. பொதியின் தலைப்புகளுக்கு 28 பைட்டுகள் செல்லும். விண்டோஸ் முறையின் பிங் 32 பைட்டுத் தரவைச் சேர்ப்பதால் மொத்தம் 60. லினக்ஸ் முறையில் 56 சேர்ந்து 84. நாச்சியோ 64 பைட்டுகளைச் சேர்த்தது, மொத்தம் 92. எனவே, சரியாக 92 பைட்டு நீளமுள்ள வினாக்களை மட்டும் வீழ்த்துமாறு ரௌட்டர்களில் விதி அமைக்கப்பட்டது. ஏனைய பிங் தடையின்றிச் சென்றது. விண்டோஸில் வழியறியப் பயன்படும் 'டிரேசர்ட்' கட்டளையும் 92 பைட்டுப் பொதிகளையே அனுப்புவதால், அது மட்டும் முடங்கிற்று.

தீச்சுவரில் விதி எழுதுவோர் முதலில் அறிய வேண்டுவது, அங்கு வாயில்கள் இரண்டு என்பதாகும். தீச்சுவரையே நோக்கி வரும் பிங் ஒரு வாயிலையும், அதனைக் கடந்து வேறிடம் செல்லும் பிங் மற்றொரு வாயிலையும் அடைகின்றன. ஒன்றை அடைத்துவிட்டு மற்றது அடைபடவில்லையே என வியப்போர் பலர். விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுவதால், உள்வலைக்கு யாவற்றையும் அனுமதிக்கும் பொதுவிதி முன்னே நிற்குமாயின் பின்னே எழுதிய தடை பயனற்றதாகும். மேலும், ஒரே ஸ்விட்சில் இணைந்து ஒரே உள்வலையில் இருக்கும் இரு கணிப்பொறிகள் ஒன்றையொன்று வினவுங்கால் அப்பொதி தீச்சுவரை எட்டுவதேயில்லை. அதனைத் தடுக்க வேண்டின், அவ்வக் கணிப்பொறியிலேயே தடை அமைத்தல் வேண்டும். அல்லது உள்வலையைப் பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தையும் அலுவலகக் கணிப்பொறிகளையும் தனித்தனிப் பகுதியாக்குவது இவ்வகையில் நன்று.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. தடுக்க வேண்டுவது 8ஆம் வகை மட்டுமே. ஐசிஎம்பி முழுவதும் அன்று. ஈத்தர்நெட் 1,500 பைட்டு வரை ஏற்கும். வழியில் சில இணைப்புகள் 1,492 அளவே ஏற்கும். பிரிக்கலாகாது என்று குறியிட்ட பெரிய பொதி அங்கு வந்தால், அதனைச் சிறிதாக்கி அனுப்புமாறு 3ஆம் வகை, 4ஆம் குறியீட்டுச் செய்தி திரும்பி வரும். அதனையும் அடைத்துவிட்டால் சிறு மின்னஞ்சல் செல்லும், பெரிய கோப்பு பாதியில் நிற்கும்; காரணம் எளிதிற் புலப்படாது. ஐபி ஆறாம் பதிப்பில் அண்டைக் கணிப்பொறியைக் கண்டறிவதே ஐசிஎம்பி வாயிலாக நடைபெறுவதால், முழுத் தடை உள்வலையையே செயலறச் செய்துவிடும்.

பிங்கை அடைத்தமையால் கணிப்பொறி மறைந்துவிட்டது எனக் கருதுதலும் பொருந்தாது. இணையப் பக்கம் வழங்கும் 443ஆம் போர்ட் திறந்திருப்பின், அதனைத் தட்டிப் பார்ப்போர்க்கு விடை கிடைக்கும். பழுது பார்க்கும் பணியாளர்க்கும் இதுவே வழி: பிங்குக்கு விடை வராதபோது, கம்பி அறுந்தது என முடிவு செய்யாமல், திறந்திருக்க வேண்டிய போர்ட்டைச் சோதித்தல் வேண்டும். நிர்வாகியின் கணிப்பொறி ஒன்றுக்கு மட்டும் தடைக்கு மேலே அனுமதி விதி வைத்தல் பெரிதும் உதவும். வீழ்த்தப்பட்ட பொதிகளைப் பதிவேட்டில் குறிக்கச் செய்வதும் தேவை. ஒரே கணிப்பொறி பல முகவரிகளை வரிசையாக வினவுவது அங்குத்தான் முதலில் தெரியவரும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்குமாறு 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28ஆம் நாள் பணித்துள்ளது.

விதியை அமைத்தபின் மாணவர்களைக் கொண்டே மூன்று சோதனைகள் செய்விக்கலாம். பக்கத்துக் கணிப்பொறிக்கு அனுப்பும் பிங்குக்கு, அக்கணிப்பொறியிலேயே தடை இல்லையாயின், விடை வரும். தீச்சுவருக்கும் வெளியுலகுக்கும் அனுப்புபவற்றுக்கு வராது. அதன்பின் வெளியுலகிலிருந்து ஒரு பெரிய கோப்பை இறக்கிப் பார்த்தல் வேண்டும்.