தாங்குமென்பொருளும் நமது இசையரங்கும்: காரைநகரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பொன்னாலைக் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியினாற் குடாநாட்டுடன் இணைந்துள்ள காரைநகர், இசைக்கும் அரங்கிற்கும் அந்நியமான ஊரன்று. ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் திண்ணபுரம் சிவன் கோயிலின் மார்கழித் திருவாதிரை விழா நாதஸ்வரமும் தவிலும் இன்றி நிறைவுறுவதில்லை. ‘ஈழத்து இசை நாடக வரலாறு’ என்னும் நூலை ஆக்கிய கலாநிதி காரை செ. சுந்தரம்பிள்ளை இவ்வூரவரே. இத்தகைய ஊரில் அரங்கிசையும் ஒலிப்பதிவும் கணினியின் துணையுடன் நிகழும்போது எழும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் முற்றிலும் புதியன அல்ல. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்கள் வழியே ஆர்மோனியம் நமது மேடையில் இடம்பிடித்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் போன்ற இசை நாடகங்களை அதன் ஒலியினின்றும் பிரித்து நினைத்தல் அரிது. ஆயினும் ஆனந்தக் குமாரசுவாமி போன்றோர் அக்கருவியைக் கடுமையாக எதிர்த்தனர். அகில இந்திய வானொலி 1940 இல் அதற்கு விதித்த தடை 1971 இலேயே தளரத் தொடங்கிற்று. அதன் சுரத்தானங்கள் முன்கூட்டியே நிறுவப்பட்டவை, அவை கமகத்திற்கு இடந்தரமாட்டா என்பதே எதிர்ப்பின் உட்பொருள். இன்று அதே வினா வேறோர் உருவில் நம்முன் நிற்கின்றது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இசைக்கருவிகளும் கணினிகளும் தம்முள் செய்தி பரிமாறுவதற்கான ‘மிடி’ என்னும் பொதுநியமம் 1983 இல் நடைமுறைக்கு வந்தது. அது ஒலியைக் கொண்டுசெல்வதில்லை. எக்கட்டை எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்பன போன்ற கட்டளைகளையே கொண்டுசெல்கின்றது. 1996 இல் ஜேர்மனிய நிறுவனமாகிய ஸ்ரைன்பேர்க் ‘வி.எஸ்.ரி.’ என்னும் முறையை வெளியிட்டது. எதிரொலி சேர்த்தல், சுருதிநிறம் திருத்தல் முதலிய பணிகளைச் செய்யும் சிறு நிரல்களை வெவ்வேறு ஆக்குநர்கள் தனித்தனியே இயற்றி, ஒரே மென்பொருளினுட் செருகிக்கொள்ள இது வழிசெய்தது. 1999 இல் வந்த இரண்டாம் பதிப்பின் வழியே வாத்தியங்களும் இவ்வாறு செருகத்தக்கனவாயின. இந்நிரல்களே ‘பிளகின்’ அல்லது செருகுநிரல் எனப்படுவன. அவற்றை ஏந்தி, ஒழுங்குபடுத்தி, ஒலிவாங்கியிலிருந்து ஒலிபெருக்கிவரை இணைத்துத் தருவது ‘ஹோஸ்ட்’ எனப்படும் மென்பொருள். இங்கு அதனைத் தாங்குமென்பொருள் என்போம்.

தாங்குமென்பொருள் தானாக எந்த ஒலியையும் எழுப்புவதில்லை. அது நடிகர் வருமுன் உள்ள வெற்று மேடை போன்றது. ஒலிப்பதிவையும் தொகுப்பையும் மையமாகக் கொண்ட கியூபேஸ் போன்ற பெருமென்பொருள்களும், மேடை நிகழ்ச்சியையே மையமாகக் கொண்ட மெயின்ஸ்ரேஜ், கன்ராபிலே போன்றனவும், எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய கார்லா போன்றனவும் இவ்வகையின.

ஓர் இசை நாடக மேடையை எடுத்துக்கொள்வோம். ஒரு காட்சியில் ஒன்றரைக் கட்டையில் ஆண் பாடகர் பாடுகிறார். அடுத்த காட்சியில் ஐந்தரைக் கட்டையிற் பெண் பாடகர் பாடுகிறார். சுருதி, ஒலிவாங்கியின் அளவு, எதிரொலியின் அளவு ஆகிய யாவும் மாறவேண்டும். காட்சிதோறும் வேண்டிய ஒழுங்கைத் தாங்குமென்பொருளில் முன்கூட்டியே சேமித்து வைத்தால், காலால் ஒரு மிதியை அழுத்த அனைத்தும் ஒருங்கே மாறும். பெரும்பொருட் செலவில் வாங்கவேண்டிய பல கருவிகளின் பணியை ஒரு மடிக்கணினியும், ஒலியை எண்ணாக மாற்றும் ஒரு சிறு பெட்டியும் ஆற்றிவிடுகின்றன. பெருநகரக் கலையகங்களுக்கு அப்பாலுள்ள தீவகக் கலைஞருக்கு இதன் பயன் சிறிதன்று.

ஆனால் அரங்கின் தேவையும் ஒலிப்பதிவின் தேவையும் ஒன்றல்ல. கணினி ஒலியைத் துளிதுளியாக அன்றிக் கற்றைகளாகவே கையாளுகின்றது. ஒரு செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்னும் வீதத்தில் 1024 மாதிரிகள் கொண்ட கற்றை நிரம்ப 21 மில்லிசெக்கன் செல்லும். காற்றில் ஒலி ஏறத்தாழ ஏழு மீற்றர் செல்வதற்கு எடுக்கும் நேரம் இதுவாகும். உட்செல்வதற்கும் வெளிவருவதற்கும் தனித்தனியே இத்தாமதம் நேர்வதால், தன் அருகில் அமர்ந்திருக்கும் தவிற்காரரைப் பதினான்கு மீற்றருக்கு அப்பால் வைத்து வாசிப்பது போன்ற நிலை பாடகருக்கு உண்டாகும். அவ்வாறாயின் லயம் எங்ஙனம் நிலைக்கும்? கற்றையை 128 மாதிரிகளாகக் குறைப்பின் தாமதம் மூன்று மில்லிசெக்கனுக்கும் உட்படும். ஆயின் கணினியின் சுமை மிகும், சுமை தாங்காதவிடத்து ஒலி வெடித்து அறுபடும். எனவே அரங்கில் செருகுநிரல்களைக் குறைத்துச் சிறு கற்றையையும், ஒலிப்பதிவின் பின்னர் நிகழும் தொகுப்பிற் பெருங்கற்றையையும் கொள்ளுதல் முறையாகும். பதிவின்போது பாடகரின் குரலை யாதொரு ஒப்பனையுமின்றிச் சேமித்து, ஒப்பனையைப் பின்னர் சேர்ப்பதே அறிவுடைமை. சேர்த்துப் பதிந்த எதிரொலியைப் பின்னர் நீக்குதல் அரிது.

இனி, சுரத்தானம் பற்றிய பழைய வினாவுக்கு வருவோம். இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறுகளாகப் பகுப்பன. ஒரு ஸ்தாயி 1200 சதம் எனக் கொண்டால், சமகூற்றுமுறையில் அந்தர காந்தாரம் 400 சதத்தில் அமையும். 5:4 என்னும் இயற்கை விகிதத்திலோ அது 386 சதத்தில் நிற்கும். தம்புராவின் ஒலியிற் பழகிய செவி இவ்வேறுபாட்டை உணரும். ஆர்மோனியத்தின் நாக்குகளை மேடையில் மாற்றியமைத்தல் இயலாது. செருகுநிரல்கள் பலவற்றிலோ ஒவ்வொரு சுரத்தையும் வேண்டிய சதத்தில் நிறுத்தலாம். ஒலியை வளைக்கும் மிடிக் கட்டளைக்கு 16,384 படிகள் உண்டாதலின், கமகத்திற்குத் தேவையான நுண்மையும் அதனுள் அடங்கும். ஆகவே இயந்திரம் கமகத்திற்கு இடந்தராது என்னும் வாதம் இன்று முழுமையாகப் பொருந்தாது. எனினும், இயல்நிலையில் அது மேலைச் சமகூற்றுமுறையையே கொண்டிருக்கின்றது. மாற்றவேண்டும் என அறிந்தவனுக்கே அது மாறிக்கொடுக்கும். அறியாதவனை அது தன் வழிக்கு மாற்றிவிடும்.

இவ்விடத்திலே சமூக வினாவொன்று தோன்றுகின்றது. மேடை வெறுமையானது எனின், அதனை நிரப்புவோர் யார்? செருகுநிரல்களில் மேலைநாட்டுப் பியானோவும் வயலினும் மிகுந்த செம்மையுடன் கிடைக்கின்றன. நமது தவிலின் வலந்தலையும் தொப்பியும், கூத்தின் மத்தளமும் சல்லரியும் அத்துணைச் செம்மையுடன் கிடைப்பது அரிது. அவற்றைப் பதிவுசெய்து ஒலிமாதிரிகளாக்கும் பணியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறையினரும் ஊர்க் கலைஞரும் இணைந்து மேற்கொள்ளல் தகும். ஆனால் ஒரு தவிற்கலைஞரின் அடியைப் பதிந்து ஆயிரம் மேடைகளில் ஒலிக்கச் செய்யும்போது, அவ்வடிக்குரிய ஊதியமும் பெயரும் அவரைச் சேரவேண்டும். தமிழகத்துச் சிறு கோயில்கள் பலவற்றில் மின்விசையால் இயங்கும் மேளப்பொறி பூசை வேளையில் முழங்குவதை நாம் அறிவோம். அது வாசிப்பவனை நீக்கிவிட்டு வாசிப்பை மாத்திரம் வைத்துக்கொண்டது. தாங்குமென்பொருளையும் அவ்வாறு பயன்படுத்தலாம். கலைஞனின் கையிலுள்ள ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். இவ்விரண்டில் எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது மென்பொருளன்று, அதனை வாங்கி இயக்குவோரின் சமூக உறவுகளே.

ஒலிப்பதிவின் இன்றியமையாமையைக் காரைநகர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1991 இல் போரினால் இவ்வூரவர் இடம்பெயர நேர்ந்தது. வீட்டைவிட்டு ஓடுபவன் ஒலிநாடாவைத் தேடி எடுத்துச் செல்வதில்லை. ஊரிலுள்ளோரும் புலம்பெயர்ந்தோரும் இன்று ஒரே ஒலிப்பதிவின் பல படிகளைப் பல நாடுகளில் வைத்திருத்தல் இயலும். பதிவின் மூலத்தை எந்தவொரு நிறுவனத்தின் தனிவடிவிலும் அடைக்காது, எம்மென்பொருளும் திறக்கக்கூடிய பொதுவடிவிற் பேணுதல் இதற்கு முதல் நிபந்தனையாகும். செருகுநிரலை ஆக்கிய நிறுவனம் மறைந்தாலும் பாடியவரின் குரல் மறையலாகாது.

ஆர்மோனியத்தை எதிர்த்தோரின் அச்சம் வீணானதன்று. அதனை ஏற்றோரின் மேடையும் வீணாகவில்லை. கருவியை விலக்கியதனாலன்றி, அதன் குறையை அறிந்து குரலாற் கடந்ததனாலேயே நமது இசை நாடகக் கலைஞர் வென்றனர். தாங்குமென்பொருளின் முன்னும் நமக்குரிய பணி அதுவே: சுரத்தானத்தை நாமே நிறுவுதல், ஒலியை நமது கலைஞரிடமிருந்தே பெறுதல், பெற்றதற்கு உரிய விலையை அவர்க்கு அளித்தல்.