அட்டைதான் முடங்கியது, வட்டி முடங்கவில்லை

ரிமோட்டுக்குப் பேட்டரி தேடி இழுப்பறையைத் திறந்தேன். அடியில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய எட்டு வங்கிக் கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் சுங்கைப் பட்டாணி வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. அம்மாவிடம் கேட்டேன்.

"அது பழைய கார்டு பாப்பா. பிளாக் பண்ணிட்டாங்க. மிச்சத்த மாசா மாசம் அம்பது வெள்ளி கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார், காய் நறுக்கியபடியே.

அவர் சொன்னது பொய்யில்லை. வங்கியின் பண வைப்பு இயந்திரம் கொடுத்த ரசீதுகள் அத்தனையும் பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒரு மாதம்கூட விடவில்லை. மடித்து, தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

கடைசிக் கடிதத்தைப் பிரித்தேன். நிலுவை 4,402 ரிங்கிட். அட்டை முடக்கப்பட்டபோது ஏறக்குறைய 4,000 ரிங்கிட்டாக இருந்த கடன், எட்டு மாதம் பணம் கட்டிய பிறகு 400 ரிங்கிட் கூடியிருந்தது.

அந்த 4,000 ரிங்கிட் எங்கே போனது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வாங்கிய மடிக்கணினி, விடுதிக்கு முன்பணம், மெத்தை, மின்விசிறி. பிடிபிடிஎன் கடனுதவி கைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது என்று அடம்பிடித்தது நான்தான். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கடன்பற்று அட்டை எடுக்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஓவர்டைமையும் சேர்த்துத்தான் அவர் அந்தக் கோட்டைத் தாண்டினார். பிறகு ஓவர்டைம் குறைந்தது. மூன்று மாதம் சரியாகக் கட்ட முடியவில்லை. அட்டை முடங்கியது.

நான் கணக்கியல் மாணவி. பற்று, வரவு என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அம்மாவின் பெயருக்கு வரும் ஒரு கடிதத்தை அதுவரை வாசித்ததில்லை.

அன்றிரவு இருவரும் தரையில் உட்கார்ந்து எட்டுக் கடிதங்களையும் விரித்தோம். தவறு எங்கே என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் என்பது நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. அட்டை எடுத்த நாளில் யாரோ சொன்ன அந்த '50' மட்டும் அம்மாவின் மனத்தில் தங்கிவிட்டது. 4,000 ரிங்கிட் நிலுவைக்கு 5 விழுக்காடு 200 ரிங்கிட். அவர் 50 கட்டும்போதெல்லாம் வங்கியின் கணக்கில் அவர் கட்டத் தவறியவர்.

அதனால் இரண்டு பக்கமும் அடி. நம் நாட்டில் தொடர்ந்து 12 மாதம் ஒழுங்காகக் கட்டுவோருக்கு ஆண்டு வட்டி 15 விழுக்காடு, பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டினால் 17, மற்றவர்களுக்கு 18. அம்மாவுக்கு 18. 4,000 ரிங்கிட்டுக்கு மாதம் 60 ரிங்கிட் வட்டி. தாமதக் கட்டணம் நிலுவையில் 1 விழுக்காடு, அது ஒரு 40. ஆக மாதம் 100 ரிங்கிட் ஏற, அம்மா 50 ரிங்கிட் இறக்கினார்.

"பிளாக் பண்ணா வட்டி நின்னுடும்னு நெனச்சேன்" என்றார் அம்மா. அப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. விடுதியில் என் தோழிகளிடம் கேட்டபோது ஐந்து பேரில் நால்வர் அதையேதான் சொன்னார்கள். முடக்கம் என்பது புதிதாகச் செலவு செய்ய முடியாதபடி போடும் பூட்டு. கணக்கு திறந்தேதான் இருக்கிறது. அதே எண்ணுக்குப் பணமும் கட்டலாம், வட்டியும் ஏறும்.

வங்கி அழைக்கவில்லையா? அழைத்திருக்கிறது. தெரியாத எண் என்றால் மோசடிக்காரன் என்று அம்மா எடுப்பதில்லை. மக்காவ் மோசடி பற்றி வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை அனுப்பி அனுப்பி அவரை அப்படிப் பழக்கியதும் நான்தான். மறுநாள் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்கு நாங்களே அழைத்தோம். வந்த அழைப்பை நம்புவதைவிட அது பாதுகாப்பு.

பணத்துக்கு என்ன செய்வது? அம்மா உடனே வளையல்களைப் பார்த்தார். அடகுக் கடை மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 24. பதினெட்டிலிருந்து தப்பிக்க இருபத்து நான்கில் மாட்டிக்கொள்வதா? வளையல் பெட்டிக்குள் திரும்பியது.

அடுத்து நான் சொன்னது ஊழியர் சேமநிதி. 2024 மே மாதம் அறிமுகமான மூன்றாவது கணக்கிலிருந்து, 55 வயதுக்குக் குறைந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். அம்மாவின் கணக்கில் 3,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் இருந்தது.

"அது ஒன் கல்யாணத்துக்கு."

"கல்யாணம் இப்ப இல்லம்மா. வட்டி இன்னைக்கே ஏறுது."

சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு தந்தது. அந்தப் பணத்தை அங்கே வைத்துக்கொண்டு இங்கே 18 விழுக்காடு கட்டுவது கணக்குக்கு ஒத்துவராது. ஆனாலும் அம்மாவின் ஓய்வுக்காலப் பணத்தில் கை வைத்தது இன்னும் உறுத்துகிறது. 3,000 அதிலிருந்து, 900 நான் வார இறுதிகளில் கடையில் நின்று சேர்த்தது, மீதி 502 அம்மாவின் சம்பளத்திலிருந்து. கடிதத்தில் இருந்த 4,402 ரிங்கிட்டை அப்படியே கட்டினேன். சென் பாக்கியில்லை என்று அம்மாவிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒன்பதாவது கடிதம் வந்தது. நிலுவை 29.59 ரிங்கிட்.

வங்கியின் தவறென்று சண்டைக்குப் போகாத குறை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வட்டி நாள்தோறும் ஏறுகிறது. 4,000 ரிங்கிட் அசலுக்கு 18 விழுக்காடு என்றால் ஒரு நாளைக்கு 1.97 ரிங்கிட். அறிக்கை அச்சான நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடையில் 15 நாள். முழுவதையும் அடைப்பவர் கடிதத்தில் உள்ள தொகையைப் பார்க்கக் கூடாது. வங்கியை அழைத்து, தான் கட்டப்போகும் தேதியைச் சொல்லி, அந்தத் தேதிக்கு முழுத் தொகை எவ்வளவு என்று கேட்க வேண்டும். 29.59 ரிங்கிட்டைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அது மறுபடியும் தாமதக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இந்த முறை கேட்டுக் கட்டினோம். கணக்கை மூடும்படி எழுதிக் கொடுத்து, கடன் தீர்ந்ததற்குக் கடிதமும் கேட்டோம். கேட்டதால்தான் கொடுத்தார்கள்.

பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையையும் இணையத்தில் இலவசமாக எடுத்துப் பார்த்தோம். கடந்த 12 மாதங்களில் எத்தனை மாதத் தவணை பாக்கி என்று மாத வாரியாக எண் போட்டிருக்கும். அம்மாவின் வரிசையில் 1, 2, 3 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயிருந்தன. பிஸ்கட் டின்னில் இருந்த ரசீதுகளுக்கும் அந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கக் கடன் கேட்கலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இனிமேல் அதற்கு ஓராண்டாவது காத்திருப்பதுதான் நல்லது. அதைச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. அன்று சாப்பிடும்போதும் பேசவில்லை.

இப்போது மாதம் 50 ரிங்கிட்டை நான் அம்மாவின் சேமநிதியில் போட்டு வருகிறேன். தொகையை அவர்தான் முடிவு செய்தார்.

போன வாரம் தொலைபேசியில் பேசும்போது, கூட வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு மூன்று அட்டைகள் முடங்கியிருப்பதாகச் சொன்னார். மூன்றுக்கும் தலா ஐம்பது வெள்ளி கட்டுகிறாராம். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே, இப்படிப் பல வங்கிக் கடன் உள்ளவர்களுக்காக வங்கிகளிடம் பேசி, கட்டக்கூடிய தவணைத் திட்டம் போட்டுத் தருகிறது, ஆலோசனைக்குக் கட்டணமில்லை. அதைச் சொன்னேன்.

"நானும் அதான் சொன்னேன். தனியா போக வெக்கப்படுறாங்க. அடுத்த வாரம் லீவு போட்டு ரெண்டு பேருமாப் போறோம்" என்றார் அம்மா. "கடிதத்தையெல்லாம் பிரிச்சு எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்."