சாதிக்காய் பிறந்த ஊரில் சில நாட்கள்

கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கங்களில் சாதிக்காயும் வசவாசியும் வாங்கி விற்கும் சகோதர வியாபாரிகள் எம்மில் பலர் இருக்கின்றோம். மூடை மூடையாகக் கட்டி அனுப்பும் இந்தச் சரக்கின் சொந்த ஊர் எது தெரியுமா? இந்தோனேசியாவின் கிழக்கே, பெரிய வரைபடத்தில்கூடத் தேடிப் பிடிக்க வேண்டிய பந்தா தீவுகள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகச் சந்தைக்கு வந்த சாதிக்காய் ஏறத்தாழ முழுவதும் இந்தச் சின்னஞ்சிறு தீவுகளில் விளைந்ததுதான்.

சில வருடங்களுக்கு முன் அங்கு போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எம்மிடம் நெடுங்காலம் வசவாசி வாங்கிய ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர், தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டுப் பாய் விரித்த யொட் ஒன்றில் கடல் சுற்றிக்கொண்டிருந்தார். "அம்பொனுக்கு வாருங்கள், உங்கள் சரக்கின் தாய்வீட்டைக் காட்டுகிறேன்" என்று அழைத்தார். கொம்பனித்தெருவைச் சேர்ந்த எனது ஜாவா நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

யொட் என்றதும் பணக்காரரின் மிதக்கும் மாளிகை என்று நினைக்க வேண்டாம். இது 12 மீற்றர் நீளமான படகு. தண்ணீர், டீசல், அரிசி, வெங்காயம் எல்லாம் கணக்குப்படிதான். எது எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு மாலையும் கொப்பியில் எழுதுவார்கள். கடைக்காரருக்கு இதைவிட நல்ல இருப்புக் கணக்குப் பாடம் வேறில்லை. அம்பொனிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினோம். விடியும்போது குனுங் அப்பி எரிமலை கடலிலிருந்து நேரே எழுந்து நின்றது. 600 மீற்றருக்கும் மேற்பட்ட உயரம். கடைசியாக வெடித்தது 1988இல். அதற்கு எதிரே ஒடுங்கிய நீரிணையின் மறுகரையில் பந்தா நெய்ரா ஊர். கடல் அங்கே மிக ஆழம். எனவே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகின் பின்பக்கத்தைக் கயிற்றால் கரையில் கட்டவேண்டும். கட்டி முடிப்பதற்குள் பள்ளிவாசல் பாங்கும் கேட்டது. மீனும் வாழைப்பழமும் விற்பவர்களும் சிறு தோணிகளில் வந்து சேர்ந்தார்கள்.

ஊரை அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். தூண்கள் வைத்த பழைய ஒல்லாந்தர் வீடுகள், மேட்டில் 1611இல் கட்டிய ஐந்துமுனை பெல்ஜிக்கா கோட்டை, வீட்டு முற்றங்களில் பாய் விரித்துக் காயும் வசவாசி. தெருவெல்லாம் அந்த வாசம். எனக்கு எங்கள் களஞ்சியத்துக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

ஆனால் இந்த வாசத்துக்குப் பின்னால் ஓர் இரத்தக் கணக்கு உண்டு. அக்காலத்தில் பந்தா மக்களுக்கு அரிசியும் துணியும் கொண்டுவந்தவர்கள் ஜாவா, மலாய், அரபு வியாபாரிகள். ஒல்லாந்தக் கம்பனியோ வெப்பமான ஊருக்கு உதவாத கம்பளித் துணியைக் கொண்டுவந்து, தான் சொன்ன விலைக்குத் தனக்கு மட்டுமே விற்கவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதியது. யார் நல்ல விலையும் நல்ல பண்டமும் தந்தார்களோ அவர்களுக்கே ஊரார் தொடர்ந்து விற்றார்கள். 1621இல் கம்பனியின் ஆளுநர் நாயகம் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்தார். வியாபாரத்தை நடத்திய ஊர்ப் பெரியவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஓராயிரம் பேர் அளவிலேயே எஞ்சினர் என்று கணக்கிடப்படுகிறது. நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு அடிமைகளின் கையால் நடத்தப்பட்டது. பழைய கிணறு ஒன்றின் அருகே கொல்லப்பட்டோருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் முன் எனது ஜாவா நண்பர் நெடுநேரம் பேசாமல் நின்றார். அவரது முன்னோரையும் இதே கம்பனிதான் இந்தத் திசையிலிருந்து இலங்கைக்குக் கப்பலேற்றியது. எமது கரையோரக் கறுவாவைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, எமது முன்னோரின் வியாபாரத்துக்குத் தடை போட்டதும் அதே கம்பனிதான்.

இவ்வளவு செய்து பிடித்த ஏகபோகம் நிலைத்ததா? பக்கத்திலுள்ள ருன் தீவு மூன்று கிலோமீற்றர் நீளம்கூடச் சரியாக இராது. அதன்மீது ஆங்கிலேயருக்கு இருந்த உரிமையை 1667இல் பிரேடா உடன்படிக்கையால் ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்டார்கள். அதே உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கையில் தங்கிய இடம் இன்றைய நியூயோர்க்கின் மன்ஹற்றன். அன்றைய கணக்கில் ஒல்லாந்தருக்கு இலாபம்! வேறெங்கும் முளைக்கக் கூடாதென்று அவர்கள் சாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்துத்தான் ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் 1770ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரர் கன்றுகளைக் களவாக மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். கடனிலும் ஊழலிலும் மூழ்கிய கம்பனி 1799இல் கலைக்கப்பட்டது. அக்காலத்து யுத்தங்களில் இருமுறை பந்தாவைப் பிடித்த ஆங்கிலேயர், கன்றுகளைப் பினாங்குக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். இன்று எமது மலையகத்தில் நிற்கும் மரங்கள் அப்படி வந்தவற்றின் வாரிசுகள். பின்னர் மேற்கிந்தியத் தீவான கிரனடாவும் பெரிய ஏற்றுமதியாளரானது. 2004இல் ஐவன் சூறாவளி அங்குள்ள மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்க்கும்வரை இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

சரி, இன்று பந்தாக்காரர் கையில் என்ன இருக்கிறது? ஊரில் கொள்வனவு செய்யும் ஒரு முதியவரின் களஞ்சியத்தில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்தோம். நண்பரின் வீட்டு மலாயும் அவர்களுடையதும் ஒன்றல்ல. ஆனாலும் விலை பேசப் போதுமாக இருந்தது. விலையை அவர் தீர்மானிப்பதில்லை. சுரபாயாவிலிருந்து தொலைபேசியில் வருகிறது. சரக்கு பெல்னி கப்பல் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறது. தூரமும் கப்பற் கூலியும் அவர் இலாபத்தைத் தின்கின்றன. இதில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அவரால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதை அவர் விடாமல் செய்கிறார். கொட்டையை ஓட்டோடு மெல்லிய புகையில் பல நாட்கள் வைத்துக் காயவிடுகிறார். ஒரு கையளவு அள்ளிக் காதருகே குலுக்குவார். உள்ளே பருப்புக் கலகலத்தால்தான் ஓடு உடைபடும். சத்தம் வராதது மீண்டும் புகைக்குப் போகும். முழுப் பருப்பு ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம், உடைந்ததும் பூச்சி துளைத்ததும் எண்ணெய் வடிப்பவருக்கு. ஒன்றை மற்றதோடு கலப்பதில்லை.

இங்கே எம்மவர் கவனிக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை எடைக்காகக் கலந்து கட்டும் பழக்கம் எமது சந்தையில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஈரக் கொட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடொக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் சாதிக்காயில் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை. ஒரு மூடையின் ஈரத்தால் முழுக் கொள்கலனும் திரும்பக்கூடும். அந்த நட்டம் ஏற்றுமதியாளரோடு நிற்பதில்லை. அடுத்த பருவத்தில் தோட்டத்தில் நிற்கும் ஏழை விவசாயியின் விலையிலும் கைவைக்கும்.

இரண்டாவது விடயம், பழத்தின் சதை. எடையில் பெரும்பங்கு சதைதான். எமது தோட்டங்களில் பெரும்பாலும் மரத்தடியிலேயே எறிகிறோம். நெய்ராவில் பெண்கள் அதைச் சீவி சீனியில் ஊறவைத்துக் காயவைத்த இனிப்பாகவும், ஜாமாகவும், பாணியாகவும் செய்து விற்கிறார்கள். யொட்டில் வந்திறங்கும் வெள்ளைக்காரர் மூடைக்கணக்கில் சாதிக்காய் வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரு போத்தல் ஜாம் வாங்காமல் யாரும் திரும்புவதைக் காணவில்லை. எமது நண்பரும் ஆறு போத்தல் ஏற்றிக்கொண்டார்.

மூன்றாவது பாடம் ஒரு பழைய வீட்டில் கிடைத்தது. இந்தோனேசியாவின் முதல் உப ஜனாதிபதி முஹம்மத் ஹத்தாவை ஒல்லாந்தர் 1936இல் இங்கே நாடு கடத்தி வைத்திருந்தார்கள். ரொட்டர்டாமில் வர்த்தகம் படித்தவர். 1942 வரை இருந்த காலத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் அவரை அந்நாட்டுக் கூட்டுறவின் தந்தை என்றே அழைத்தார்கள். தனித்தனியாக நின்று ஒரே கொள்வனவாளரிடம் அகப்பட்ட மக்களின் கதையை அவர் வாசலில் நின்றே பார்க்கலாம்.

"நானா, இவ்வளவு சண்டையும் ஒரு கொட்டைக்காகவா?" என்று திரும்பும் வழியில் நண்பர் கேட்டார். சண்டை கொட்டைக்காக அல்ல, அதன் விலையை யார் சொல்வது என்பதற்காக. பீரங்கியோடு வந்த கம்பனியாலேயே அந்த அதிகாரத்தை என்றென்றைக்கும் வைத்திருக்க முடியவில்லை. கொழும்பில் இரண்டு களஞ்சியமும் ஒரு லொறியும் வைத்திருக்கும் நாம் மட்டும் எப்படி வைத்திருப்போம்?

எமது கைக்குள் இருப்பவை மூன்றுதான். நன்றாகக் காயவைத்துத் தரம் பிரித்தல், எறிவதைப் பண்டமாக்குதல், ஒரே ஊரில் வாங்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் உலர்த்தும் கூடம் போடுதல். இந்தப் பருவம் தொடங்குமுன் உங்கள் ஊர் வியாபாரிகளோடு அமர்ந்து மூன்றாவதை முதலில் பேசிப் பாருங்கள். அது சரிவந்தால் மற்ற இரண்டும் இலேசாகிவிடும்.