பனிக்கரடியைக் காக்கும் வழி

கனடா நாட்டின் வடபகுதியில் ஹட்சன் விரிகுடா என்னும் பரந்த கடற்பகுதி உள்ளது. அதன் மேற்குக் கரையில் சர்ச்சில் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. குளிர்காலத்தில் அவ்விரிகுடா உறைந்து வெண்ணிறப் பாலைபோல் காட்சியளிக்கும். அவ்வுறைபனியே பனிக்கரடியின் வேட்டைக்களம். மூச்சு விடுவதற்காகப் பனித்துளைகளின் வழியே தலை நீட்டும் சீல்களை அது அசையாது காத்திருந்து பிடிக்கும்.

கோடையில் பனி உருகியதும் கரடிகள் கரையேறும். ஆங்கு அவற்றிற்குப் போதிய இரை கிடையாது. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே அவை பல திங்கள் உயிர் வாழும். பனி முன்னதாக உருகிப் பிந்தி உறையுமாயின் பட்டினிக்காலம் நீளும், தாய் மெலியும், பால் வற்றும், குட்டி மடியும். 1987ஆம் ஆண்டில் இவ்விரிகுடாவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 1,200 கரடிகள் இருந்தன. 2021ஆம் ஆண்டில் அத்தொகை 618 என மதிப்பிடப்பட்டது.

பனிக்கரடிகள் வாழும் ஐந்து நாடுகள் 1973ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்து, அவற்றை வேட்டையாடுவதைக் கட்டுப்படுத்தின. துப்பாக்கியை அடக்கிய அவ்வுடன்படிக்கையால் வெப்பத்தை அடக்க இயலவில்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எரியும்போது வெளிப்படும் கரியமில வாயு, புவியைப் போர்வைபோல் மூடி வெப்பத்தைத் தேக்குகின்றது. ஒரு டன் கரியமில வாயு வெளிப்பட்டால், ஆர்க்டிக் பெருங்கடலின் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பில் ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர் குறையும் என்று 2016ஆம் ஆண்டில் அறிஞர் கணக்கிட்டனர். அஃதாவது, இரண்டு பாய் விரிக்கும் அளவு இடம். ஏறத்தாழ 430 லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஒரு டன் கரியமில வாயு உண்டாகும்.

சர்ச்சில் ஊரார் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். கரடிகளை ஈர்க்கும் குப்பையைத் திறந்தவெளியில் கொட்டுவதைத் தவிர்க்க அவர்கள் முயல்கின்றனர். ஊருக்குள் நுழையும் கரடியை இயன்றவரை கொல்லாமல் பிடித்து அடைத்து, பின்னர்த் தொலைவிற் கொண்டுபோய் விடுகின்றனர். ஆயினும், உருகும் பனியை அவர்கள் மட்டும் தடுத்தல் இயலாது.

தொலைவில் வாழ்வோர்க்கும் அதிற் பங்குண்டு. அண்மையிலுள்ள இடங்களுக்கு நடந்தோ மிதிவண்டியிலோ செல்லலாம், நெடுந்தொலைவிற்குப் பேருந்தையும் புகைவண்டியையும் நாடலாம், வீணே எரியும் விளக்கை அணைக்கலாம், உணவைப் பாழாக்காதிருக்கலாம், கதிரவனாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்குமாறு ஆட்சியாளரை வற்புறுத்தலாம். ஒருவர் விளக்கை அணைப்பதனால் மட்டும் கடல் உறைந்துவிடாது. கோடிக்கணக்கானோர் சிறிது சிறிதாகச் செய்த செயலால் விளைந்த கேட்டினைக் கோடிக்கணக்கானோர் ஒன்றுகூடியே நீக்குதல் வேண்டும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது தீமைக்கும் பொருந்தும், நன்மைக்கும் பொருந்தும்.