660 டன்னைத் தூக்க 30 யூனிட் போதும்

கொச்சி கலூரிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு கேள்விகள். தோப்பும்படியில் பழைய பாலத்தின் நடுக்கண்ணைக் கப்பலுக்காகத் தூக்குவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார் அந்த வாசகர். பாம்பனில் இப்போது ரயில் பாலமே மேலே போகிறதே, அவ்வளவு இரும்பைத் தூக்க எவ்வளவு கரண்ட் ஆகும் என்பது முதல் கேள்வி. பழுதானால் காசு யார் கொடுப்பார்கள் என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பதில் சொல்வது சுகமான வேலை. இரண்டாவதுதான் முக்கியமானது.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு கண்தான் தூக்குப்பாலம். எடை ஏறக்குறைய 660 டன். அதை 17 மீட்டர் உயர்த்த ஐந்தரை நிமிடம் ஆகும் என்கிறது ரயில்வே. பள்ளியில் படித்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கினால் சுமார் 11 கோடி ஜூல். யூனிட்டில் சொன்னால் 30-ஐக் கொஞ்சம் தாண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை வைத்து அந்தப் பாலத்தை மூன்று முறை தூக்கிவிடலாம், உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் ஒதுக்கிவைத்தால்.

இதனால்தான் இந்தப் பாலத்தைப் பற்றிய பேச்சில் மின்சாரச் சிக்கனம் வரும்போதெல்லாம் எனக்குச் சலிப்பு வருகிறது. எதிர் எடை வைத்திருப்பதால் கரண்ட் மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் மிச்சமாவது சொற்பம். எதிர் எடை தாங்கும் பொறுப்பு வேறு. அது இல்லாவிட்டால் இந்த ஐந்தரை நிமிடத்துக்கு 450 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவழியில் கரண்ட் போனால் 660 டன்னும் பிரேக்கை நம்பித்தான் தொங்கும். எதிர் எடை இருந்தால் பாலம் எந்த உயரத்தில் நின்றாலும் தராசு போல ஏறக்குறையச் சமனாக நிற்கும். மோட்டாருக்கு மிஞ்சுவது உராய்வும் காற்றும் கிளப்பி நிறுத்தும் வேலையும்தான்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நடுவில் ஏற்றக்கால், அதன்மேல் நீண்ட துலா, ஒரு நுனியில் சால், மறுநுனியில் கட்டிய கல். நிறைந்த சாலின் எடையைக் கல் வாங்கிக்கொள்ளும், ஆள் திசையை மட்டும் காட்டுவார். பாலத்தின் கண்தான் சால். இரு முனைகளிலும் நிற்கும் கோபுரங்களுக்குள் தொங்கும் எதிர் எடைகள்தான் கல். துலாவை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சக்கரமும் எஃகு வடமும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

பெரிய ஏற்றங்களில் கல்லுக்குப் பதிலாக ஆளே துலாமீது முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், பின்னால் வந்தால் ஏறும். இறைக்க இறைக்க எடை இடம் மாறிக்கொண்டே இருக்கும். தூக்குப்பாலத்திலும் அப்படி நடக்கிற ஆள் ஒருவர் உண்டு. அவர்தான் வடம். பாலம் கீழே இருக்கும்போது எஃகு வடங்களின் நீளமெல்லாம் பாலத்தின் பக்கம் தொங்குகிறது, அந்த எடையும் பாலத்தோடு சேர்ந்துகொள்கிறது. பாலம் ஏற ஏற வடம் சக்கரத்தைத் தாண்டி எதிர் எடையின் பக்கம் போய்விடும். கீழே இருந்தபோது ஒரு பக்கம் கூடியிருந்த பளு, மேலே போனதும் மறுபக்கம் கூடிவிடும். தூக்கத் தொடங்கும்போது மோட்டார் மேலே இழுக்கிறது. உச்சியிலிருந்து இறக்கத் தொடங்கும்போதும் அதே மோட்டார் கீழே இழுக்க வேண்டி வரலாம். உயரமான தூக்குப்பாலங்களில் இதைச் சரிக்கட்டத் தனியாகச் சங்கிலிகளைத் தொங்கவிடுவதும் உண்டு. பாலம் இறங்கித் தாங்கிகளில் அழுந்தி உட்கார வேண்டும் என்பதற்காக அதன் பக்கம் எடையைக் கொஞ்சம் கூட்டியே வைப்பதும் இந்தத் தொழிலின் வழக்கம். ரயில் ஓடும்போது அதன் பளு வடத்துக்குப் போகாது. தாங்கி வழியாகத் தூணுக்கும் கடலடி நிலத்துக்கும் இறங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 72.5 மீட்டர் கண்ணை இரண்டு முனையிலும் தூக்க வேண்டும். நீளமான ஒரே சால், அதை இரண்டு ஏற்றங்கள் சேர்ந்து தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓரடி முந்தினால் சால் சாய்ந்துவிடும். ஏற்றக்காரர்கள் எண்ணிக்கையோடு பாட்டுப் பாடியது களைப்புத் தெரியாமல் இருக்க மட்டுமா? காலும் கையும் ஒரே தாளத்தில் வருவதற்கும்தான். கோபுரங்களில் அந்தத் தாளத்தை உணரிகள் வைத்திருக்கின்றன. இரு முனையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று கணத்துக்குக் கணம் அளந்து, முந்துகிற முனையை அடக்கிப் பிந்துகிற முனையை முடுக்குகின்றன. தாளம் தப்பினால் பாலம் ஒருபக்கமாகச் சாய்ந்து வழிகாட்டித் தண்டவாளங்களில் சிக்கிக்கொள்ளும். திறப்பு விழா நடந்த அன்றே, இறங்கும்போது கண் ஒருபக்கம் சாய்ந்து நின்றதாகவும் பிறகு சரிசெய்யப்பட்டதாகவும் செய்தி வந்தது. பாலமே ஆடிப்போய்விட்டது என்று அதைப் பரப்பியவர்களும் தவறு செய்தார்கள், ஒன்றுமே இல்லை என்று தள்ளியவர்களும் தவறு செய்தார்கள். இந்த வகைப் பாலத்துக்குப் பிறவியிலேயே உள்ள சிக்கல் அது. அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பாம்பனின் பழைய பாலம் வேறு சாதி. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறந்தார்கள். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் முறைப்படி, இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம் தூக்குப்பகுதியைச் செய்து அனுப்பியது. இரண்டு இறக்கைகள் நடுவில் பிரிந்து வானத்தைப் பார்த்து நிமிரும். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் வட்டத்தின் கால்பங்கு போல வளைந்திருக்கும். இறக்கை நிமிரும்போது அந்த வளைவு பின்னோக்கி உருளும். ஏற்றக்காலே கிணற்றைவிட்டு நகர்ந்துபோகிற மாதிரி. அதனால் நிமிர நிமிர இறக்கை கடவையை விட்டு விலகி, கப்பலுக்கு இன்னும் அகலமான வழி கிடைக்கும். ஆட்கள் நெம்புகோலைச் சுற்றியே திறந்தார்கள். எதிர் எடையின் அருமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வரலாறு என்றால் 1964 டிசம்பர் புயலைச் சொல்லாமல் போக முடியாது. தனுஷ்கோடியும் ஒரு பயணிகள் ரயிலும் அழிந்த இரவில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் போனது. தூக்குப்பகுதி தப்பியது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் கடலில் விழுந்த கர்டர்களையும் தேடி எடுத்து 46 நாளில் ரயிலை ஓடவிட்டார். கலூர் வழியாகப் போகும் கொச்சி மெட்ரோவின் முதல் கட்டத்துக்குத் தலைமை ஆலோசகராக இருந்தவரும் அவரே.

அந்தப் பாலத்தைக் கடைசியில் நிறுத்தியது புயல் அல்ல, உப்பு. ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. தூக்குப்பகுதியில் பொருத்திய உணரிகள் எச்சரித்ததால் 2022 டிசம்பரில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியிருந்தும், அது திறக்கும்வரை இரண்டே கால் ஆண்டுக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடித்த யாத்ரீகர்களும் வியாபாரிகளும்தான் மாற்றுப் பாலம் தாமதமானதற்கு விலை கொடுத்தார்கள்.

நகராத உயரப் பாலமாகவே கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1910-இல் கட்டிய போர்ட்டல் என்ற சுழல் ரயில் பாலம், படகுக்குத் திறந்தபின் சரியாக மூடாமல் சிக்கிக்கொள்ளும். சம்மட்டியால் அடித்துச் சேர்த்த நாள்களும் உண்டு. அதற்கு மாற்றாக அங்கே தேர்ந்தெடுத்தது அசையாத உயரப் பாலம். பாம்பனில் அதற்கு இடமில்லை. ரயில் சாலையைப் போலச் செங்குத்தாக ஏறாது. 22 மீட்டர் உயர, நூற்றுக்கு ஒன்று என்ற கடுமையான சரிவிலும் 2 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், இறங்கவும் அதே தூரம். கடலின் அகலமே அங்கே அவ்வளவுதான். போதாததற்குக் கப்பல் கடவை ராமேஸ்வரம் தீவின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, கரையேறியதும் பாம்பன் ஸ்டேஷன் வந்துவிடும். ஆகவே நகரும் கண் தவிர்க்க முடியாதது. பழைய இறக்கைகள் போல வானம் முழுவதையும் இது திறந்துவிடாது, கப்பலுக்கு 22 மீட்டர் வரைதான் வழி. ஆனால் பக்கத்தில் 1988 முதல் நிற்கும் சாலைப் பாலம் ஏற்கெனவே உயரத்துக்கு எல்லை கட்டிவிட்டது.

புதிய பாலத்துக்கு ஆன செலவு 550 கோடி ரூபாய் அளவு. துருப்பிடிக்காத எஃகு, பாலிசிலாக்சேன் பூச்சு எல்லாம் உண்டு. பூச்சு முப்பது ஆண்டுக்கு மேல் தாங்கும் என்றார்கள். ஆனால் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை துருவைக் குறித்து எச்சரித்தது. வடிவமைப்பைச் சரிபார்த்த முறையில் ரயில்வே தன் விதிகளைப் பின்பற்றவில்லை என்றும் சொன்னது. பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப்பகுதியில் 50 கிலோமீட்டர் என்ற வரம்போடுதான் அனுமதி கொடுத்தது. வெளிநாட்டு நிறுவனம் வடிவமைத்ததை சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் சரிபார்த்தன என்று ரயில்வே பதில் சொன்னது. அந்தப் பதிலில் நியாயம் இருக்கலாம். என்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது. காங்கிரீட் பாலம் கட்டடம், தூக்குப்பாலம் இயந்திரம். வடத்துக்குக் கிரீஸ் வேண்டும், சக்கரத்தின் பேரிங்குக்கு எண்ணெய் வேண்டும், உணரிகளை ஒத்துப்பார்க்க வேண்டும், ஒருநாள் வடத்தையே மாற்ற வேண்டும். முப்பது ஆண்டுக்குக் கவலையில்லை என்ற பேச்சு பூச்சுக்குப் பொருந்தலாம், இயந்திரத்துக்குப் பொருந்தாது.

இந்தக் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். ரயில்வேயில் தேய்மான ஒதுக்கு நிதி என்று ஒன்று உண்டு. பாலமும் தண்டவாளமும் பெட்டியும் ஆண்டுக்காண்டு கிழடாகும் அளவுக்குப் பணம் எடுத்துவைத்தால், மாற்றும் நாளில் கைவசம் இருக்கும் என்பதுதான் ஏற்பாடு. 2014-15-இல் அதற்கு 7,775 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2019-20-இல் 400 கோடி. ஆயுள் முடிந்தும் மாற்றாமல் தள்ளிவைத்தவற்றின் மதிப்பு 2020-21 முடிவில் 90,000 கோடியைத் தாண்டியதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்கிட்டார். எடுத்துவைக்காத தேய்மானம் மறைந்துபோவதில்லை. இரும்பில் போய்த் தங்குகிறது.

பற்றாக்குறையை நிரப்ப அவ்வப்போது தனி நிதி பிறக்கும். 2001-இல் 17,000 கோடிக்குச் சிறப்புப் பாதுகாப்பு நிதி, அதில் 5,000 கோடியைப் பயணச்சீட்டில் கூடுதல் கட்டணமாகப் பயணிகளே கொடுத்தார்கள். 2012-இல் அனில் ககோட்கர் குழு ஐந்தாண்டுக்கு ஒரு லட்சம் கோடி வேண்டும் என்றது. 2017-18 முதல் ராஷ்ட்ரிய ரயில் சம்ரக்ஷா கோஷ் என்ற நிதி அதே ஒரு லட்சம் கோடி இலக்கோடு வந்தது. ஆண்டுக்கு 20,000 கோடியில் 5,000 கோடியை ரயில்வே தன் வருமானத்திலிருந்து போட வேண்டும். முதல் நான்கு ஆண்டில் போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடியைப் போடவில்லை என்று தணிக்கை சொன்னது. அந்த நிதியில் மேஜை நாற்காலியும் கால் பிடித்துவிடும் கருவியும் வாங்கியதையும் கண்டுபிடித்தது. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பணம் தண்டவாளத்தைச் சரிபார்க்கும் ஒரு கீமேனின் கையிலிருக்கும் ஸ்பானராகவோ ஒரு பழைய பாலத்தின் புதிய கர்டராகவோ போயிருக்க வேண்டியது.

நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ரயில் பாலங்கள் உண்டு, பெரும்பாலானவை சிறியவை. நூறாண்டு கடந்தவை மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். வயது மட்டுமே ஆபத்தைச் சொல்லாது. கல் வளைவுப் பாலம் நூறாண்டிலும் உறுதியாக நிற்கும், கடல்காற்றில் நிற்கும் எஃகு நாற்பதிலேயே தளரும். பாம்பனுக்குக் கிடைத்தது போல எல்லாப் பாலத்துக்கும் திறப்பு விழா கிடைக்காது. விழா இல்லாத வேலைக்கும் ஆண்டுதோறும் தவறாமல் பணம் போக வேண்டும் என்றால், தேய்மான நிதிக்குக் குறைந்தபட்ச ஒதுக்கீட்டைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது ஒரு வழி. ஏறும் சரக்குக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென்றே நேராகக் கட்டிவைப்பது இன்னொரு வழி. எனக்கு முதலாவதில்தான் நம்பிக்கை, ஏனென்றால் சரக்கு குறையும் ஆண்டில்கூடத் துரு குறைவதில்லை.

பாம்பனுக்கு மட்டுமாவது ரயில்வே ஒன்றை உடனே செய்யலாம். தூக்குப்பாலம் அந்த ஆண்டில் எத்தனை முறை ஏறி இறங்கியது, எத்தனை முறை சாய்வுகாட்டி எச்சரித்தது, வடத்தில் எத்தனை இழை அறுந்திருந்தது, பராமரிப்புக்கு எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கிடைத்தது என்று ஒரு பக்க அறிக்கையை ஒவ்வொரு ஏப்ரலிலும் வெளியிடலாம். இந்த எண்களெல்லாம் கட்டுப்பாட்டு அறையிலும் மதுரைக் கோட்ட அலுவலகத்திலும் இருக்க வேண்டியவைதான்.